கம்பெனி விழாவுக்கு ஈவென்ட் மேனேஜரைத் தேடுகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம் சார். நீங்க கெஸ்ட் மாதிரி வந்து உக்காந்தா போதும்."

ஆண்டு விழா, ஃபேமிலி டே, டீலர் மீட், புது ஆபீஸ் திறப்பு என எதுவாக இருந்தாலும், ஈவென்ட் ஏற்பாட்டாளரிடம் பேசப் போனால் முதலில் காதில் விழும் வார்த்தை இதுதான். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த 'எல்லாத்தையும்' என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும், என்னென்ன அடங்காது என்று யாரும் எழுதி வாங்குவதில்லை. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

சின்ன, நடுத்தர நிறுவனங்களில் இந்த வேலை பெரும்பாலும் எச்ஆரிலோ அட்மினிலோ இருக்கும் ஒருவரின் தலையில்தான் விழும். அவருக்குத் தினசரி வேலையும் இருக்கும், இதில் முன் அனுபவமும் இருக்காது. கோட்டூர்புரத்தில் 60 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம், குடும்பத்தினரையும் சேர்த்து 150 பேருக்கு ஆண்டு விழா நடத்தப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் கொடுப்பது, என்ன கேட்பது, எதில் கையெழுத்துப் போடுவது? பார்ப்போம்.

ஹைதராபாத்தில் என்ன நடந்தது?

2024 ஜனவரி 18. அமெரிக்காவைச் சேர்ந்த விஸ்டெக்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் வெள்ளி விழா, ஹைதராபாத் அருகே உள்ள ராமோஜி பிலிம் சிட்டியில் நடந்தது. நிறுவனர் சஞ்சய் ஷாவும், நிறுவனத்தின் மற்றொரு உயர் பொறுப்பாளரான ராஜு தாட்லாவும் ஒரு இரும்புக் கூண்டுக்குள் நின்றபடி மேலிருந்து மேடைக்கு இறங்குவது போல 'என்ட்ரி' அமைக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோதே கூண்டைத் தாங்கிய இணைப்பு ஒரு பக்கம் அறுந்தது. 15 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து இருவரும் கீழே விழுந்தனர். சஞ்சய் ஷா உயிரிழந்தார். ராஜு தாட்லா படுகாயமடைந்தார். நிறுவனத் தரப்பின் புகாரில், விழா நடந்த இடத்தின் நிர்வாகத்தினர் மீது போலீஸார் வழக்குப் பதிவு செய்தனர்.

பணத்துக்குப் பஞ்சமில்லாத நிறுவனம், பெயர் பெற்ற இடம், தொழில்முறை ஏற்பாடு. எல்லாம் இருந்தும் இது நடந்தது. ஆகவே ஏற்பாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது 'எவ்வளவு கலர்ஃபுல்லா பண்ணுவாங்க' என்பதோடு, 'எவ்வளவு பாதுகாப்பா பண்ணுவாங்க' என்பதையும் கேட்க வேண்டும்.

ஈவென்ட் மேனேஜரின் வேலை என்ன?

மேடைக்காரர், லைட், சவுண்ட், எல்இடி ஸ்கிரீன், ஜெனரேட்டர், கேட்டரிங், போட்டோ, வீடியோ, தொகுப்பாளர், வேன், செக்யூரிட்டி என ஒரு விழாவுக்குப் பத்துப் பன்னிரண்டு தரப்பினர் வேலை செய்வார்கள். இவர்களில் பெரும்பாலோர் ஏற்பாட்டாளரின் சொந்த ஆட்கள் அல்ல. அவர் வெளியிலிருந்து வரவழைப்பவர்கள். யார் எப்போது வர வேண்டும், எது முடிந்தால் எது தொடங்க வேண்டும் என்று கோர்த்துக் கொடுப்பதுதான் அவருடைய உண்மையான வேலை.

எல்லா நிகழ்ச்சிக்கும் இவர் தேவைப்படமாட்டார். ஆபீஸ் மாடியிலேயே 40 பேருக்குச் சாப்பாடு, சின்ன மைக் செட் என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மேடை, தற்காலிக மின் இணைப்பு, வெளியாட்கள், குழந்தைகள், இரவு நேரம் ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலே அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

முதலில் தேதி, பிறகு இடம்

சென்னையில் ஹாலின் வாடகையைத் தமிழ் மாதம்தான் தீர்மானிக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பொதுவாகக் கல்யாணம் இருக்காது. அதனால் மண்டபங்களில் தேதி கிடைப்பது சுலபம், வாடகையிலும் பேரம் பேசலாம். ஆனால் அதே மார்கழியில் மயிலாப்பூர், தி.நகர், ஆழ்வார்பேட்டை சபா அரங்குகளில் கச்சேரி சீசன். அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். முகூர்த்த நாளில் மண்டபம் கேட்டால் இடமும் இருக்காது, விலையும் ஏறியிருக்கும்.

கோட்டூர்புரம் பெரும்பாலும் குடியிருப்புப் பகுதி. பெரிய அரங்கு என்றதும் நினைவுக்கு வருவது, 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ஆடிட்டோரியம். 2012-ல் அங்கே ஒரு திருமண வரவேற்பு நடந்தது பெரிய சர்ச்சையாகி, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. 'ஹால் காலியா இருக்கா?' என்பதோடு, 'எங்க மாதிரி நிகழ்ச்சிக்கு இங்க அனுமதி உண்டா?' என்றும் கேளுங்கள். பாட்டு, நடனம், வெளிச் சாப்பாடு, இரவு எத்தனை மணி வரை என ஒவ்வொன்றுக்கும் ஹாலின் விதிமுறை வேறு வேறாக இருக்கும். அந்த விதிமுறைத் தாளை ஏற்பாட்டாளர் கையில் மட்டும் விடாமல் நீங்களும் ஒரு பிரதி வாங்கிப் படியுங்கள்.

பார்க்கிங்கையும் நேரில் போய்ப் பாருங்கள். 2023 செப்டம்பர் 10-ல் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் இசை நிகழ்ச்சியைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். இடத்தின் கொள்ளளவைவிட அதிகமான டிக்கெட் விற்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. ஈசிஆரில் வாகனங்கள் நகரவே இல்லை. டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. உங்கள் விழா அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் 150 பேர் 50 காரில் வந்தால், கோட்டூர்புரம் போன்ற ஏரியாவின் உள் தெருக்கள் தாங்காது. பறக்கும் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறதா, வேன் ஏற்பாடு செய்யலாமா என்று முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

கொட்டேஷனை எப்படிப் படிப்பது?

குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள். மூவரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது.

ஏற்பாட்டாளர்கள் இரண்டு விதமாகக் கட்டணம் சொல்வார்கள். ஒன்று, மொத்தமாக ஒரு தொகை. இன்னொன்று, ஆகும் செலவுக்கு மேல் இத்தனை சதவீதம். ஒரு கணக்கு பார்க்கலாம்.

• முதலாமவர் மொத்தமாக 6 லட்சம் கேட்கிறார். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 7 லட்சத்து 8 ஆயிரம்.

• இரண்டாமவர் செலவு 5 லட்சத்து 20 ஆயிரம், அதற்கு மேல் 12 சதவீதக் கட்டணம் என்கிறார். கட்டணம் 62,400. இரண்டும் சேர்ந்து 5,82,400. ஜிஎஸ்டி சேர்த்தால் 6,87,232.

இரண்டாமவர்தான் குறைவு என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். அவருடைய பில்லில் 'ஆக்சுவல்ஸ்' என்று எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஜெனரேட்டர் டீசல், ஹால் கிளீனிங், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, கூடுதல் மணி நேரம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கடைசிப் பில் முதலாமவரைத் தாண்டிவிடும். ஒவ்வொரு 'ஆக்சுவல்ஸ்' வரிக்கும் ஒரு உச்ச வரம்பு எழுதி வாங்குங்கள். செலவுக்கு மேல் சதவீதம் என்றால் செலவு ஏற ஏற அவருடைய கட்டணமும் ஏறும். அதனால் அசல் பில்களைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு வேண்டும்.

சாப்பாட்டை மட்டும் தனியாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இதில் ஒரு வரி லாபமும் இருக்கிறது. ஈவென்ட் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். விலை உயர்ந்த ஹோட்டல் வளாகங்களைத் தவிர்த்து, வெளியே நடக்கும் கேட்டரிங்குக்கு 5 சதவீதம். 150 பேருக்கு ஆளுக்கு 800 ரூபாய் என்றால் சாப்பாடு 1,20,000. நேரடியாகக் கேட்டரரிடம் கொடுத்தால் வரி 6,000. மொத்தப் பேக்கேஜுக்குள் போனால் 21,600. வித்தியாசம் 15,600 ரூபாய்.

பொதுவாக உணவுக்கான ஜிஎஸ்டியை நிறுவனங்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெற முடியாது என்பதால், இந்தப் பணம் போனது போனதுதான். உங்கள் விழாவுக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிடிஎஸ் பிடித்தம் பற்றியும் அப்போதே பேசிவிடலாம். முழுப் பணமும் கொடுத்த பிறகு டிடிஎஸ் நினைவுக்கு வந்தால், அது உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கேட்டரரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எதற்கெல்லாம் அனுமதி வேண்டும்?

'பெர்மிஷன் எல்லாம் எங்க பொறுப்பு' என்று வாயால் சொல்வது போதாது. எந்த அனுமதி, யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

• ஒலிபெருக்கி: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகளுக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம்.

• பாட்டு: 'கல்யாணத்துல போடறாங்களே, நமக்கு என்ன?' என்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் கல்யாணம் உள்ளிட்ட சமயச் சடங்குகளுக்கும் அரசு விழாக்களுக்கும் விலக்கு தருகிறது. கம்பெனி விழா அந்தப் பட்டியலில் இல்லை. டிஜே பதிவு செய்யப்பட்ட பாட்டுகளைப் போட்டால் ஒலிப்பதிவுக்கும், பாடல் வரி மற்றும் இசைக்கும் தனித்தனியே உரிமம் தேவைப்படும். அந்தப் பணத்தை யார் கட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

• பேனர்: 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைக்கப்பட்ட ஒரு பேனர் ஸ்கூட்டரில் போன இளம் பொறியாளர் மேல் விழுந்தது. நிலைகுலைந்த அவர் மீது லாரி ஏறி உயிரிழந்தார். அதுவும் ஒரு குடும்ப விழாவுக்கான பேனர்தான். தெருவில் வரவேற்பு பேனர் வைக்கலாம் என்று ஏற்பாட்டாளர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹாலுக்குள் வைத்தாலே போதும்.

• பிளாஸ்டிக்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தடை இருக்கிறது.

• மது: சிறப்பு உரிமம் இல்லாமல் பரிமாற முடியாது. 2023-ல் மாநாட்டு அரங்கு, விளையாட்டு மைதானம் போன்ற இடங்களுக்குத் தமிழ்நாடு அரசு சிறப்பு உரிமம் கொண்டுவந்தபோது திருமண மண்டபங்களும் அதில் இருந்தன. எதிர்ப்புக்குப் பிறகு அவை நீக்கப்பட்டன. 'மண்டபத்துலயே ஏற்பாடு பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?

வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டால் பொறுப்பும் அவருடையது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி மைதானம் அருகே ஆர்சிபி அணியின் வெற்றிக் கொண்டாட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் உயிரிழந்தனர். போலீஸ் வழக்கில் ஈவென்ட் நிறுவனத்தின் பெயரோடு ஆர்சிபியின் பெயரும் இருந்தது. இரண்டு தரப்பிலும் கைது நடந்தது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில், வேலை நிமித்தமாக ஊழியர் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் 'பணியிடம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. ஆண்டு விழா நடக்கும் ரிசார்ட்டும், இரவு வீட்டில் இறக்கிவிடும் வேனும் அதில் சேரும். விழாவில் நடந்த அத்துமீறல் பற்றி ஒருவர் புகார் கொடுத்தால், 'அது ஆபீஸுக்கு வெளியே நடந்தது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேன் டிரைவர்களின் விவரம், கடைசி வண்டி கிளம்பும் நேரம், அதில் பொறுப்பாக ஒருவர் ஆகிய மூன்றையும் நிறுவனமே கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேடை விஷயத்தில் ஒரு எளிய விதி போதும். மேடையின் பின்பக்கமும் பக்கவாட்டும் தடுப்பு இல்லாமல் இருக்கக் கூடாது. ஆளை மேலே தூக்குவது, மேலிருந்து இறக்குவது, ஹாலுக்குள் பட்டாசு விடுவது ஆகியவற்றுக்கு 'வேண்டாம்' என்பதே பதில். எம்டியே ஆசைப்பட்டாலும், அதை மறுத்துச் சொல்லக்கூடிய ஏற்பாட்டாளர்தான் நல்ல ஏற்பாட்டாளர்.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. என்னென்ன பொருட்கள், எத்தனை, என்ன அளவு. 'நல்ல சவுண்ட் சிஸ்டம்' என்று எழுதினால் எதற்கும் பயனில்லை.

2. விழா அன்று நேரில் இருக்கப்போவது யார். பேசும்போது வந்தவர் ஒருவர், வேலை அன்று வருபவர் வேறொருவர் என்பது அடிக்கடி நடப்பது.

3. பணம் மூன்று தவணை: கையெழுத்தின்போது ஒன்று, பொருட்கள் இறங்கிய பின் ஒன்று, விழா முடிந்து கணக்கு ஒத்துப்போன பின் மீதி.

4. தாமதத்துக்கும் குறைபாட்டுக்கும் எவ்வளவு பிடித்தம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, நீங்கள் எழுதும் தொகை ஒரு உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். மிரட்டலுக்காகப் பெரிய தொகை எழுதுவதில் பலனில்லை.

5. மேடை, மின்சார வேலை செய்யும் தொழிலாளர்களுக்கும், மூன்றாம் நபர் பாதிப்புக்கும் காப்பீடு உண்டா என்ற விவரம்.

6. ரத்து செய்தாலோ தள்ளிவைத்தாலோ அட்வான்ஸ் என்ன ஆகும் என்ற வரி.

மழை வந்தா என்ன பண்றது?

இந்தக் கடைசி வரி சென்னைக்கு மிக முக்கியம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் நுழைந்ததையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரத்தை முடக்கியதையும் பார்த்திருக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். நிறுவனங்கள் ஆண்டு விழா வைக்க நினைப்பதும் பெரும்பாலும் டிசம்பர்தான்.

ஒரு ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாத நிலை வந்தால் அது செல்லாமல் போகும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு. ஆனால் எது 'முடியாத நிலை' என்பதை நிரூபிக்க நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அதைவிட, 'ரெட் அலர்ட் வந்தால் கட்டணமில்லாமல் ஒருமுறை தேதி மாற்றலாம்' என்று ஒரு வரி எழுதுவது சுலபம். இதே வரி ஹால் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்பாட்டாளர் தேதியை மாற்றிக்கொடுத்து, ஹால்காரர் மறுத்துவிட்டால் பாதிப் பணம் போய்விடும்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

தனிநபர் என்றால் நுகர்வோர் ஆணையம். நிறுவனத்துக்கு அது அவ்வளவு நேரடியான வழி அல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை 'நுகர்வோர்' என்று ஏற்பதில்லை. டீலர் மீட் போன்ற வியாபார நிகழ்ச்சிக்கு அந்தக் கதவு மூடப்பட வாய்ப்பு அதிகம். ஊழியர் குடும்ப விழா என்றால் வாதிட இடமிருக்கிறது. ஏனென்றால், லாபம் ஈட்டும் செயலோடு நேரடித் தொடர்பு இருக்கிறதா என்பதைத்தான் உச்ச நீதிமன்றம் அளவுகோலாக வைத்திருக்கிறது. மற்றபடி சிவில் வழக்குதான். அதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியது எழுத்து ஒப்பந்தமும் ரசீதும்.

அவங்க பணமும் முக்கியம்

ஏமாற்றம் ஒரு பக்கம் மட்டும் நடப்பதில்லை. விழா நன்றாக முடிந்த பிறகு மாதக்கணக்கில் பில்லை இழுத்தடிக்கும் நிறுவனங்களும் உண்டு. ஏற்பாட்டாளருக்குப் பணம் வராவிட்டால், விடிய விடிய மேடை கட்டியவருக்கும், லைட்மேனுக்கும், பந்தி பரிமாறியவருக்கும் கூலி நிற்கும்.

ஏற்பாட்டாளர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிக் கணக்கிலும், அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்க முடியும் என்ற நிலை வரும்.

கடைசியாக ஒரு செக் லிஸ்ட்

• ஏற்பாட்டாளர் முன்பு விழா நடத்திக்கொடுத்த இரண்டு நிறுவனங்களுக்கு போன் செய்து கேட்டீர்களா? போட்டோ ஆல்பம் மட்டும் போதாது.

• ஜிஎஸ்டி எண் சரியானதா என்று ஜிஎஸ்டி தளத்தில் பார்த்தீர்களா?

• முந்தின நாள் ஹாலுக்குப் போய் அவசர வழி, தீயணைப்பான், ஜெனரேட்டர், பெண்கள் கழிப்பறை ஆகியவற்றைப் பார்த்தீர்களா?

• அனுமதிக் கடிதங்களின் நகல் உங்கள் போனில் இருக்கிறதா?

• 'இதை நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் உங்கள் தரப்பில் யாருக்கு இருக்கிறது என்று ஏற்பாட்டாளருக்குத் தெரியுமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும். மேடை ஆடுகிறது, வயர் சூடாகிறது, கூட்டம் அதிகமாகிறது என்று தெரிந்தால் நிகழ்ச்சியை அரை மணி நேரம் நிறுத்த ஒருவர் வேண்டும். எம்டி மேடையில் இருப்பார், ஏற்பாட்டாளர் அடுத்த ஐட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால், அவர்கள் சொன்னது போல அன்றைக்கு கெஸ்ட் மாதிரி உட்கார்ந்துவிட வேண்டாம்.